நிறைக்கு நில்லாத மிளகாய்

1973 ஆவணியில், உரும்பிராய்க் கூட்டுறவுச் சங்கக் கடைச் சுவரில் செத்தல் மிளகாய் இறாத்தல் மூன்று ரூபா என்று அரசாங்கத்தின் கொன்ரோல் விலைப் பலகை மாட்டிய அன்று, ஊரில் காயவைத்திருந்த செத்தல் மிளகாயெல்லாம் நிறையிழந்து கூரை முகட்டில் போய் ஒட்டிக்கொண்டது. தோட்டக்காரி சிவக்கொழுந்து வீட்டில் மட்டும் ஆறு சாக்கு. கொக்கத்தடியால் இழுத்துத் தராசில் வைத்தால் தட்டும் சேர்ந்து மேலே போனது. மூன்று ரூபாவுக்குள் உரமும் கூலியும் அடங்காதென்று மிளகாய்க்கே விளங்கிவிட்டது. பலகை எழுதியவர்களுக்குத்தான் விளங்கவில்லை. இறாத்தல் பன்னிரண்டு ரூபா என்று வாங்குகிறவர் காதுக்குள் சொன்னால் சாக்கு தொப்பென்று விழும். ஊர் இதை ஒரு கிழமையில் கண்டுபிடித்து, குசுகுசுத்தே விற்று முடித்தது. சிவக்கொழுந்துக்கு அதற்கும் வழியில்லை. அவள் குசுகுசுத்தால் மூன்று தோட்டம் தாண்டிக் கேட்கும், பிறந்த நாளிலிருந்து தொண்டை அப்படி. கூடிய விலை சொன்னது வெளியே கேட்டால் மறியலில் அடைத்துவிடுவார்கள்.

அவளுடைய தண்ணீர் இறைக்கும் மிசின் உடைந்து கிடந்தது. மிளகாய் விற்றால்தான் வேறு மிசின் வாங்கலாம்; இன்னும் மூன்று நாள் தண்ணீர் இல்லையென்றால் நட்ட வெங்காயம் முழுக்கச் சருகு. போதாக்குறைக்கு ஆறு சாக்கும் சேர்ந்து கூரையைக் கிளப்பப் பார்த்தன. கூரை வளையில் கயிறு போட்டுக் கிணற்றுத் தூணோடு இழுத்துக் கட்டிவிட்டு, அரசாங்கத்தையும் மிளகாயையும் மாறிமாறித் திட்டினாள். ஊர் முழுக்கக் கேட்டது.

கேட்டு வந்தவர்களில் விலைக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் பஞ்சலிங்கமும் ஒருவர். முகட்டை அண்ணாந்து பார்த்து, இது பதுக்கல் என்றார்.

“நான் எங்கை பதுக்கினனான்? தலைக்கு மேலை நிக்குது, கண் தெரியேல்லையோ? உங்கடை விலைக்கே தாறன், நிறுத்துக்கொண்டு போங்கோ பாப்பம்!”

பஞ்சலிங்கம் ஒரு மணித்தியாலம் நிறுத்துப் பார்த்தார். தராசைப் பிடித்தபடி அவரும் ஒரு முழம் கிளம்பி, செருப்பைக் கீழே விட்டார். இறங்கியதும் கிணற்றுக்கட்டில் குந்திக்கொண்டு உண்மையைச் சொன்னார். இரண்டு கிழமையாக வீட்டில் மிளகாய் போடாத வெள்ளைக்கறி. இனி மிளகாய் இல்லாமல் வந்தால் உங்கள் விலைச் சுற்றுநிருபத்தைத்தான் காய்ச்சி ஊற்றுவேன் என்று மனைவி பத்மாசினி சொல்லிவிட்டாளாம். பிறகு தோளிலிருந்த சால்வையை எடுத்து வலக்கையை மூடி நீட்டினார்.

“உதென்ன ஐயா, மாட்டுச் சந்தையோ?”

“கத்தாதேங்கோ அக்கா. விரலைப் பிடியுங்கோ.”

துணிக்குள் விரல் பிடித்து விலை பேசுவதை மாடு விற்ற தகப்பனின் மகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சால்வைக்குள் பன்னிரண்டு பிடித்தாள். பழக்கதோஷத்தில் அவர் பதினொன்று பிடித்தார். ஒரு சாக்கு மெல்ல இறங்கி, நெஞ்சளவில் அந்தரத்தில் நின்றுவிட்டது. அவள் விரலை முறுக்கினாள். பன்னிரண்டுக்கு அவர் ஒத்துக்கொண்டதும் அது நேரே அவர் காலில் விழுந்தது.

பின்னேரம் ஊரெல்லாம் சால்வையோடு மிளகாய் வாங்க வந்தது. சிவக்கொழுந்து வாழ்நாளில் வாய் திறக்காதிருந்த பின்னேரம் அது ஒன்றுதான். மூன்றாம் நாள் புது மிசின் இருமி இருமித் தண்ணீரைக் கக்கியது. வெங்காயம் பிழைத்தது. கொன்ரோல் விலையில் உரும்பிராயில் மிளகாய் தாராளம், நிறுக்கத்தான் இயலவில்லை என்று பஞ்சலிங்கம் மேலிடத்துக்கு எழுதினார். அடுத்த மாதம் மேலிடம் விலையை இரண்டரை ரூபாவாகக் குறைத்தது. சங்கக் கடை மனேச்சர் பலகையைத் திருத்தி எழுதி மாட்டினார். சால்வையில்லாமல் சேட்டு மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் விலை பேச வழியின்றி அந்தரிக்கக்கூடாதென்று, அதே ஆணியில் ஒரு சால்வையும் கொழுவிவைத்தார்.