ஏழு மணிக்கு அணையும் கேமரா

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

பெரம்பலூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் கதை எழுதுவேன், திருவிழாக் காலத்தில் பட்டிமன்ற நடுவர். இந்தச் சித்திரையில் தா.பழூரில் ஒரு மேடை. மாமியாரா மருமகளா என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, உலக விஷயம் வையுங்கள் என்றார்கள் விழாக் குழுவினர். ‘ஈரானின் அணுத் திட்டம்: உரிமையா, ஒப்பந்த மீறலா?’ என்று வைத்தேன். உரிமை என்று பேச செந்துறை பிரேம்குமார், பள்ளி ஆசிரியர். மீறல் என்று பேச அரியலூர் சிந்து, அவரும் ஆசிரியர். மீறலே என்று தீர்ப்புச் சொல்லி, சால்வை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மஸ்கட்டிலிருந்து போன்.

“சார், நான் பிரேம்குமார் சம்சாரம், சண்முகப்பிரியா. இங்க நர்ஸா இருக்கேன். யூடியூப்ல பாத்தேன். நல்லா சொன்னீங்க. எங்க வூட்டுக்கும் ஒரு தீர்ப்பு சொல்லணும்.”

2

அவள் கதையை இப்படித் தொடங்கினேன்: ‘பாலைவனத்துக் கொடும் வெயிலில் அவள் மனம்…’ (அடித்துவிட்டேன். அவள் இருப்பது ஏசி வார்டில்.)

‘சந்தேகம் என்பது…’ (இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் உபதேசத்தில்தான் போய் முடியும்.)

நடந்ததையே சொல்கிறேன். சண்முகப்பிரியா ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், இருவருமாக அரியலூர் போய் ஒரு கேமரா வாங்கிவந்து ஹாலில் மாட்டினார்கள். மலிவானது, படம் வரும், சத்தம் வராது. “நீ பாக்குறேன்னு தெரிஞ்சா நேரத்துக்குச் சாப்பிடுவேன்” என்றான் பிரேம்குமார். அவன் ரசம் சோறு சாப்பிடுவதைப் போனில் பார்த்துக்கொண்டே அவளும் தன் டப்பாவைத் திறப்பாள். ஒன்றரை ஆண்டு அப்படி ஓடியது.

பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் படம் கறுத்தது. எட்டரைக்குத் திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே.

“கரண்ட் இல்ல பிரியா.”

பக்கத்து வீட்டுப் பாப்பாயிக்குப் போன் போட்டாள். பின்னால் சீரியல் ஓடுகிற சத்தம் கேட்டது. நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். இப்படி நாற்பத்தொரு நாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தாள்.

(அவள் இருக்கும் ஊரில்தான் அணு விஷயமாக அமெரிக்காவும் ஈரானும் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். நான் சேர்த்த அலங்காரம் இல்லை. ஊர் அப்படி அமைந்துவிட்டது.)

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. அவசரக்காரர்கள் நான்காவதற்குப் போகலாம், ஆனால் தீர்ப்புக்கான சட்டம் இதில்தான் இருக்கிறது.

பிரேம்குமார் மேடையில் சொன்னது: அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஈரான் கையெழுத்துப் போட்டதால்தான், அமைதியான காரியங்களுக்கு அணுவைப் பயன்படுத்தும் உரிமை அந்த நாட்டுக்கு உறுதியாகிறது. அணு நிலையங்களில் ஈரான் கழற்றிய கண்காணிப்புக் கேமராக்கள் வேறொரு உடன்படிக்கையின் பேரில் மாட்டியவை. அதிலிருந்து முதலில் விலகியது அமெரிக்கா. குண்டை யாராவது கண்ணால் பார்த்தார்களா?

சிந்து சொன்னது: குண்டு இருக்கிறதா என்பதல்ல கேள்வி. இருப்பதையெல்லாம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்ட நாடு, சொல்லாத இடங்களில் யுரேனியத் துகள் கிடைத்தபோது நம்பும்படி விளக்கம் தரவில்லை. இருட்டில் போன நாட்களை, கேமராவைத் திரும்ப மாட்டினாலும் மீட்க முடியாது.

கேமராவை அணைத்தது மீறல் ஆகாமல் போகலாம், சொல்லாமல் வைத்ததுதான் மீறல் என்று நான் தீர்ப்பளித்தேன். “கையெழுத்தே போடாத நாட்ல உக்காந்துகிட்டு நாம தீர்ப்பு சொல்றோம்!” என்று இந்தியாவைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்தவனுக்கு, தன் பெயரை மாப்பிள்ளையாக ஒன்றில் அடிக்க வாய்க்கவில்லை.

4

“வீடியோல பதினெட்டாவது நிமிசம் பாருங்க சார்” என்றாள் சண்முகப்பிரியா.

பார்த்தேன். சிந்து பேசுகிறாள். பின்னால் எதிரணி நாற்காலியில் பிரேம்குமார். அவன் உதடு அசைகிறது. அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும், அவளோடு சேர்ந்தே. ஓரிடத்தில் அவள் திணறுகிறாள். அவன் உதடு நிற்காமல் போகிறது.

“எதிரணி பேச்சு இவருக்கு எப்படி சார் மனப்பாடம்? என் பொறந்த நாளே நாலு தடவ சொல்லணும். அவ வார்த்த மட்டும் அப்படியே வருது. பாக்கப் பாக்க வயிறு எரியுது சார்.”

துகள் கிடைத்துவிட்டது.

5

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பட்டிமன்றத்தில் மேடையில் அடித்துக்கொள்கிறவர்கள் முன்கூட்டியே சேர்ந்து உட்கார்ந்துதான் ஒத்திகை பார்ப்பார்கள். இவள் வெட்ட வேண்டிய இடம், அவன் மடக்க வேண்டிய இடம், எல்லாம் பேசி வைத்தது. வழக்கமாக அது என் அச்சகத்தில் நடக்கும், என் டீயைக் குடித்துக்கொண்டு. இந்த முறை, “நாங்களே பாத்துக்குறோம் சார்” என்றார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆனால் எரிந்தது. மேடையில் ‘மீறலே’ என்று நான் மேசையைத் தட்டியதில் ஈரானுக்கு எவ்வளவு பங்கு, என் வயிற்றெரிச்சலுக்கு எவ்வளவு பங்கு என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

ஒத்திகைதான்மா என்று அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவன் உதடு அசைந்ததற்குக் கடல் தாண்டி ஒருத்தி இப்படித் துடிக்கிறாளே, எனக்காக யார் துடித்தார்கள் என்று தோன்றிய நொடியில் வாய் அடைத்துவிட்டது.

“வியாழக்கிழமைக்குள்ள இங்க ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடணும் சார். போடவா, வேலைய வுட்டுட்டு ஊருக்கு வரவா? நீங்க சொல்றதுதான்.”

“யோசிச்சுச் சொல்றேன்மா” என்றேன்.

6

முடிவு ஒன்று: அவள் கையெழுத்துப் போடுகிறாள், ஏழு மணி… (இதையும் அடித்துவிட்டேன். அவளைக் கல்லாக்கிவிட்டேன்.)

முடிவு இரண்டு: திருச்சியில் இறங்கி, செந்துறை பஸ் பிடித்து, சரியாக ஏழு மணிக்குக் கதவைத் தட்டுகிறாள், உள்ளே… (யார் இருக்கிறார்கள் என்று எழுதக் கை வரவில்லை.)

நேற்று, புதன்கிழமை, மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒத்திகை, வழக்கம், என் பொறாமை உட்பட.

“ஒத்திகைன்னா அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். ஏன் கரண்ட் இல்லன்னாரு?”



இன்று சாயங்காலம் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். கீழே அவள் குரல்பதிவு: “இன்னைக்கு ஏழு மணிக்குக் கேமரா அணையல சார். தனியாத்தான் உக்காந்திருக்காரு. ஒதடு அசையுது. என்ன சொல்றாருன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் பேனாவ எடுப்பேன்.”

சத்தமில்லாத படம். இரண்டு பேச்சும் எனக்கு அத்துப்படி. சொல்வது சிந்துவின் வரியா, அவனுடையதா, இல்லை மனைவிக்காக ஒத்திகை பார்க்கும் மன்னிப்பா என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் பொறாமை பிடித்த கண்ணுக்கு எந்த உதட்டிலும் சிந்துவின் வரிதான் தெரியும். அதனால் நான் பார்க்கவில்லை. நடுவர் மணியை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். மஸ்கட்டில் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.