பாதை இல்லாதிருக்க ஆவன செய்தல்

குடியிருப்போர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். இடம், தண்ணீர் மோட்டார் அறை. தலைவர், மின்விசிறிக்கு நேர் கீழே, கைவைத்த ஒரே நாற்காலியில். பொருளாளரான மருந்துக்கடைக்காரர், கடைக்கு ஆள் வந்தால் தெரியும்படி வாசலையொட்டி. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல். எந்தப் பேச்சையும் ‘ஆனா’ என்றுதான் தொடங்குவார் என்பதால் அவருக்கு ‘ஆனா’ என்றே பெயர். செயலாளர், மேசையருகே. மேசைக்கு ஒரு கால் குட்டை. அந்தப் பக்கத்தை முழங்காலால் தாங்கிக்கொண்டுதான் அவர் இத்தனை வருடமாகத் தீர்மானங்களை எழுதி வருகிறார்.

தலைவர் செயலாளருக்கு மைத்துனர், மனைவியின் அண்ணன். அந்த மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட்டத்துக்கு அவள் வரவில்லை. அந்த வாரம் இரவு டூட்டி என்பதால் தூங்கிக்கொண்டிருந்தாள். கூட்டமே அவளுக்காகத்தான் என்பது செயலாளருக்கு மட்டும் தெரியும்.

குடியிருப்புக்கும் ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கும் நடுவே ஒரு பொட்டல், அரசு நிலம். ஜனங்கள் நடந்து நடந்தே அதன் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. மழை பெய்தால் அது முழங்கால் சேறு. அப்போது நெடுஞ்சாலையோரமாகச் சுற்றித்தான் போகவேண்டும். போன மழையில் அப்படிப் போனபோது ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அவளுடைய தோள்பையைப் பறித்துக்கொண்டு போயிற்று. “தலைக்கு வந்தது பையோட போச்சு” என்று சிரித்தாள். செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அதிலிருந்து வானம் இருட்டினாலே, அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை அவருக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

அந்தச் சமயத்தில்தான், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பாதை போட அரசு நிதி அறிவித்தது. கல் பாவி, விளக்குப் போட்டு, மழைத் தண்ணீர் வடியவும் வழி செய்து தருவார்களாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று செயலாளர் அன்றே விண்ணப்பித்தார். ஆய்வுக்கு நாளும் குறித்து வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தை மருந்துக்கடைக்காரர் படித்தார். டாக்டர் எழுத்தையே படித்துப் பழகிய கண்.

“‘புதிய பாதைகளுக்கு மட்டும். ஏற்கெனவே உள்ள பாதைகளுக்கு நிதி கிடையாது’ன்னு போட்டிருக்கு.”

“நம்மகிட்ட எங்கய்யா பாதை இருக்கு? ஒத்தையடி.”

“ஒத்தையடின்னாலும் பாதைதானே தலைவரே?”

தலைவர் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார். “அப்போ வர்ற அன்னிக்கு அது இருக்கக் கூடாது. அவ்வளவுதான?”

“எப்படி மச்சான்?” என்றார் செயலாளர்.

“கொத்திவிட்டு, புல்லைப் பரப்பி, மேல முள்ளை வெட்டிப் போட்டா முடிஞ்சுது. நானும் எங்க வீட்டு எலுமிச்சையைக் கழிக்கணும்னுதான் இருந்தேன்.”

“ஆனா, பாதையும் இல்ல, நடக்க ஆளும் இல்லன்னா, எதுக்கு இங்க பாதைன்னு கேப்பாங்களே?”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. நல்ல காரியம் பேசறப்போ!”

செயலாளர் மேசையை முழங்காலால் நிமிர்த்திக்கொண்டு எழுதினார்: ‘ஆய்வு நாளன்று மேற்படி பாதை இல்லாதிருக்க ஆவன செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது.’

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த கூட்டத்தில் உறுதி செய்யப்படும்வரை எந்தத் தீர்மானத்தையும் வெளியே சொல்லக்கூடாது என்பது சங்க விதி. விதியை எழுதியவர் அவரேதான். காலையில் ஸ்கூட்டரில் போய், காரணம் சொல்லாமல், ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவதாகக் கணக்குப் போட்டிருந்தார். அதிகாரி பத்து மணிக்குத்தானே வருகிறார்.

ஆய்வுக்கு முந்தின நாள், அவள் டூட்டிக்குப் போன கையோடு நான்கு பேரும் மண்வெட்டியுடன் பொட்டலில் இறங்கினார்கள். இருட்டுவதற்குள் பாதை இல்லை.

மறுநாள் காலை செயலாளர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரி பொட்டலோரம் வந்து இறங்கிவிட்டார். சேறு கண்ட பூட்ஸ் போட்ட பெண்மணி, கையில் அளவுநாடா.

“பத்து மணின்னு எழுதியிருந்தீங்களே மேடம்?”

“பத்து மணிக்கு யார் நடக்கறாங்க? நடக்கற நேரத்துலதானே பாக்கணும்?”

பின்னால் ஆனா வர, தலைவர் ஓடி வந்து சேர்ந்துகொண்டார். “இங்க பாதைன்னு ஒண்ணு இருந்ததே இல்லீங்க. பாருங்களேன், ஒரே முள்ளு.”

“யாருமே நடக்கறதில்லையா?”

“ஈ, காக்கா நடக்காதுங்க.”

“அப்போ பாதை யாருக்கு?”

தலைவர் தன் மாப்பிள்ளையான செயலாளரைப் பார்த்தார். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். “இதைத்தான் நான் அன்னிக்கே கேட்டேன்” என்றார் ஆனா, வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல் இல்லாமல்.

அப்போது முட்குவியலுக்கு அப்பால் ஒரு மடக்கிய குடை உயர்ந்து தாழ்ந்தது. ஒவ்வொரு முறை தாழ்ந்தபோதும் ஓர் எலுமிச்சைக் கிளை எகிறி விழுந்தது. குடையைப் பிடித்திருந்தவள் செயலாளரின் மனைவி. அவளுக்குப் பின்னால் வார்டு பெருக்கும் இரண்டு அம்மாக்கள். அவர்களுக்கும் பின்னால், சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிச் சமையல்காரர்.

“எந்த வீணாப்போனவன் பண்ண வேலைன்னு தெரியலையே” என்று சொல்லிக்கொண்டே, ஒரு காலை நொண்டிக்கொண்டு, இவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

“இங்க பாதை இருக்காம்மா?” என்று கேட்டார் அதிகாரி.

“நேத்து டூட்டிக்குப் போறப்போ இருந்துச்சுங்க.” அப்புறம்தான் மற்றவர்களைக் கவனித்தாள். “அண்ணே, கையெல்லாம் என்ன கீறல்?”

“எலுமிச்சை கழிச்சேம்மா.”

அவள் கையிலிருந்த குடையைப் பார்த்தாள். முனையில் ஓர் இலை ஒட்டியிருந்தது. பிறகு புருஷனைப் பார்த்தாள். சமையல்காரர் சைக்கிளைக் கீழே வைத்தார்.

“மூணு நாளைக்குள்ள எழுத்துல விளக்கம் வரணும்” என்றார் அதிகாரி, நாடாவைச் சுருட்டியபடி. “வரலைன்னா ஃபைலை மூடிடுவேன்.”

அன்று மாலை தலைவர் விளக்கத்தைத் தயாராகவே எழுதிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார். “உங்க கையெழுத்துல அழகா எழுதிடுங்க மாப்ளே. அதுக்கு ஒரு மரியாதை இருக்கு.”

செயலாளர் பெறுநர், பொருள், பார்வை எல்லாம் எழுதி, விஷயத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே மனைவி காலை முக்காலியில் தூக்கி வைத்து ஊசியால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன நின்னுட்டீங்க, மை தீந்துபோச்சா? படிங்க, கேப்போம்” என்றாள் அங்கிருந்தே.

“‘மேற்படி பெண்மணி இரவுப் பணியின் தூக்கக் கலக்கத்தில் வழி தவறி வந்தவர்.’”

“எங்கூட வந்த மூணு பேரு?”

“அவங்களைப் பத்தி அடுத்த பாரா. உங்கண்ணன் வாசகம்.”

“அண்ணன் வாசகம், புருஷன் எழுத்து. நல்லா வாய்ச்சுது எனக்கு. நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“தீர்மானம் உறுதியாகற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாது.”

“நான் வெளியவா?”

செயலாளரிடம் இதற்கு விதி இல்லை.

“உண்மையை எழுதினா பாதை இருக்குன்னு ஆயிடும்மா. அப்புறம் ஒரு காசு வராது” என்றார் தலைவர்.

“மழை பெஞ்சா பாதை இருக்கா அண்ணே? இருந்தா நான் ஏன் ரோட்டுல போய் லாரிகிட்ட மாட்டறேன்?”

“லாரியா? பை தொலைஞ்சு போச்சுன்னுதானே மாப்ளே சொன்னாரு?”

“நான்தான் சொல்லவேணாம்னேன். கேட்டா உடனே வேலையை விடுன்னு நிப்பீங்க.”

தலைவர் அவள் தோளைப் பார்த்தார். எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டார். வேலையை விடச் சொல்லவில்லை.

செயலாளர் தாளைக் கிழித்தார். அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் எழுதுகிறவர். தாளைக் கிழித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. புதுத்தாள் எடுத்து நிறுத்தாமல் எழுதினார்:

‘வெயில் காலத்தில் அங்கே பாதை உண்டு. மழைக்காலத்தில் இல்லை. நடப்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. மழையில் அவர்கள் நெடுஞ்சாலையில் நடக்கிறார்கள். போன மழையில் ஒருவர் லாரியிடமிருந்து மயிரிழையில் தப்பினார். அவர் என் மனைவி. முள் போட்டது சங்கம். தீர்மானம் எழுதியது நான். தாங்கள் தரப்போவது புதிய பாதையா, பழைய பாதையா என்பதைத் தங்கள் விதிமுறைதான் சொல்லவேண்டும். அடுத்த மழைக்கு முன் சொன்னால் நலம்.’

வாசித்துக் காட்டினார்.

“முள்ளை அவசியம் சொல்லணுமா மாப்ளே?” என்றார் தலைவர் ஜன்னலைப் பார்த்தபடியே.

“எலுமிச்சை முள்ளுன்னே போடச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றாள் தங்கை.

தலைவர் வந்து கையெழுத்துப் போட்டார். “பாதை வரலைன்னா?” என்று கேட்டார், பேனாவை மூடும்போது.

“வரலைன்னா மறுபடி எழுதுவேன்” என்றார் செயலாளர்.

உறையில் பசை தடவி, அகராதியின் அடியில் வைத்துக் காயவைத்தார். அவள் டூட்டிக்குக் கிளம்பியபோது தானும் செருப்பை மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் ஒரு தபால்பெட்டி உண்டு. ஸ்கூட்டர் சாவியை அவர் எடுக்கவில்லை. பாதை வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர், அதில் ஒருநாளும் நடந்ததில்லை.

“இடப்பக்கமா வாங்க, வலப்பக்கம் குழி” என்றாள் முன்னால் நொண்டியபடி போனவள். சொல்லி முடிப்பதற்குள் அவர் குழியில் இருந்தார். கடிதத்தை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

அவள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். “நாளைக்குக் காலைல வந்து அந்தக் குழியை மூடுங்க. தீர்மானமெல்லாம் வேணாம்.”

“சரி” என்றார்.

பெட்டிக்கு முன்னால் நின்று, முகவரியை இன்னொரு முறை படித்து, உறை நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மணிக்கட்டு உள்ளே போகும்வரை கையை நுழைத்து, கடிதத்தை விட்டார்.