மேசையில் வைத்த கத்தரிக்கோல்

காலையில் மர்ஸூக் தன் மகள் ஹமீமாவைக் கூட்டிக்கொண்டு வந்து, என் தையல் வகுப்பின் யன்னலுக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். "யாராச்சும் ஒரு சொல்லு சொல்லட்டும் டீச்சர், அந்த நிமிசமே புள்ளயக் கூட்டிட்டுப் போயிருவன்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். என் வாய்க்கு அது பெரிய அடக்கம்.

ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் வெடித்த குண்டுகளுக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் எங்கள் இளைஞர் பயிற்சி நிலையம் பூட்டியே கிடந்தது. திறந்தபோது வெளிநாட்டு உதவியில் புது மெஷின்கள் வந்தன, சுவருக்குப் பெயின்ற் வந்தது, வாசலில் மூன்று மொழியிலும் 'சமாதானம்' என்று பனர் தொங்கியது. பொறுப்பாளர் பேர்னாட் அதன் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார். பனரைக் கட்டிவிட்டால் சமாதானம் தானாக வந்து உட்கார்ந்துவிடும் என்று நினைத்தார் போலும். குண்டு வைத்தவர்கள் உங்கள் சனம்தானே என்று யாரும் பழி சொல்லுவார்கள் என்ற பயத்தில் முஸ்லிம் பிள்ளைகள் ஒருத்தரும் வரவில்லை. நான்தான் மட்டக்குளிக்கு பஸ் ஏறி வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். ஹமீமா மட்டும் வந்தாள். அவளும் திரும்பிப் போனால் இனி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையும் இந்தப் படியை மிதிக்காது.

எங்கள் வகுப்பில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருத்தி வெட்ட மற்றவள் தைப்பாள். முன்பிருந்தே ஹமீமாவின் சோடி இமெல்டா. குண்டு வெடித்த அன்று கோயிலில் பூசைக்கு நின்ற இமெல்டாவின் அம்மாவுக்குக் காலில் கண்ணாடி ஏறியது. அதற்குப் பிறகு இந்த இரண்டு பேரும் கதைக்கவே இல்லை. இமெல்டாவை வேறு மேசைக்கு மாற்றலாமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் மாற்றாமல் விட்டேன். மாற்றினால் சண்டை இருக்கிறது என்று நானே சொன்னதாகிவிடும்.

இமெல்டா வந்தாள். ஹமீமாவைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து துணியை விரித்தாள். மற்றப் பிள்ளைகள் தைக்கிற மாதிரிப் பாவனை காட்டிக்கொண்டு இவர்களையே பார்த்தார்கள்.

ஹமீமா நூலை அறுக்கக் கையை நீட்டினாள். "கத்தரிக்கோலத் தாங்க."

இமெல்டா எடுத்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். அதில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள்.

வெளியே மர்ஸூக் எழும்பிவிட்டார். "எழும்புங்க மகள், ஊட்டுக்குப் போவம். எங்கட கையத் தொடவும் ஏலாத எடத்துல நமக்கென்ன வேல?"

ஊரெல்லாம் அளக்கிற என் வாய், வேண்டிய நேரத்தில் கைவிட்டது.

இமெல்டா பதறி எழுந்தாள். "ஐயோ அங்கிள், அப்பிடி இல்ல! கத்தரிக்கோலக் கைக்குக் கை குடுத்தாச் சண்டை வரும் எண்டு அம்மா சொல்லுறவ. அதான் கீழ வச்சனான்." குரல் உடைந்துவிட்டது. "எனக்கு இவளோட சண்டை வேணாம்."

மர்ஸூக் மகளைப் பார்த்தார். ஹமீமா எழும்பவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நூலை அறுத்தாள். பிறகு கேட்டாள், "ஒங்கட அம்மாட கால் எப்பிடி ஈக்கிது?"

"இப்ப நடக்கிறா. நேற்று சந்தையில மீன்காரனோட சண்டையும் பிடிச்சவ."

"அப்ப அவனுக்குக் கைலயே கத்தரிக்கோலக் குடுத்தீப்பாங்க."

முதலில் இமெல்டாதான் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு வகுப்பே சிரித்தது. யேசுவே என்று நான் பொத்தென்று உட்கார்ந்தேன். இத்தனை நாளும் நெஞ்சில் ஏறி இருந்த பாரம் இறங்கினது எனக்கே தெரிந்தது.

மர்ஸூக் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். "பின்னேரம் வாரன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு த்ரீவீலர், பக்கத் திரைகளை இறக்கிவிட்டபடி நின்றது. மர்ஸூக் அதற்குள் குனிந்து ஏதோ சொன்னார். திரை விலகியது. முன்பு என்னிடம் தைத்த மட்டக்குளிப் பிள்ளைகள் இரண்டு பேர், தோளில் பையோடு இறங்கினார்கள்.

"இமெல்டா, பின்னால இருக்கிற மெஷின்களின்ர உறையக் கழட்டு" என்றேன்.

பிள்ளைகள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் போகட்டும் என்று தெருவோரத்தில் நின்றார்கள்.