பிரகதாம்பாள் பேசி முடிக்கட்டும்

பேராவூரணி பஸ் என் அக்கா தையல்நாயகியை இறக்கிவிட்டதும் அரை அடி உயர்ந்தது. எதிரே எங்கள் வாசலில் இருந்தபடி நானே கண்ணால் அளந்து பார்த்தேன்.

அக்கா வந்தது ஒரே காரியத்துக்கு. மொபெட்டிலிருந்து விழுந்து என் மனைவி பிரகதாம்பாளுக்குத் தலையில் அடிபட்டு எட்டு மாதம் ஆகிறது. வலது கை மெல்லத்தான் எழும்; சொல் அதைவிட மெல்ல வரும். கூட இருந்து பார்த்துக்கொள்வது நான். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகள் குந்தவை வேலையை விட்டுவிட்டு வந்தாக வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நான் அப்போது பிரகதாவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். வைக்கோல் பிரி திரித்த கைக்கு இது என்ன பிரமாதம்? முதல் மாதம் நான் போட்ட பின்னலில் ஒரு ஜோடி மாட்டைக் கட்டியிருக்கலாம். இப்போது பழகிவிட்டது.

“ஆம்பள பொண்டாட்டிக்குத் தல பின்னுறதா? ஊரே சிரிக்கும்டா வைரம்!”

“சிரிச்சு முடிச்சாச்சுக்கா. போன மாசமே அலுத்துப்போச்சாம்.”

பிரகதா வாயைத் திறந்தாள். “அண்ணி, எனக்கு…”

“தண்ணியா? காப்பியா? பாத்ரூமா?” என்றாள் அக்கா.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், அவரே தேடட்டும். அப்படி நான் காத்திருந்த நேரத்தில் எதிர் வயல் நாற்று ஒரு விரற்கடை வளர்ந்ததுண்டு. நாற்பது வருஷம் அவளைப் பேசவிடாதவனுக்கு இது குறைந்த தண்டனைதான்.

அதற்குள் அக்கா போனில் குந்தவையைப் பிடித்துவிட்டாள். “பொம்பளப் புள்ள இருந்தும் அப்பன் சோறாக்குறான். டிக்கெட்டப் போடு!”

“அம்மா கூப்புட்டா வந்துடுறேன் அத்தை,” என்றது போன் ஸ்பீக்கரில் அவளுடைய உடைந்த குரல்.

“ஒங்கம்மாவுக்கும் அதான்…”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாலு வெற்றிலையை மடித்து, சீவலைத் தாராளமாக வைத்து, அக்கா வாயில் திணித்தேன். போனைப் பிரகதாவிடம் கொடுத்தேன்.

காத்திருந்தோம். ஒரு மினிபஸ் வந்து, ஆளேற்றி, போயும் விட்டது.

“நீ… வராத. வேலைய விடாத. பொங்கலுக்கு வா. ஒங்கப்பா ரசம்…”

சொல்லை எடுத்துக் கொடுக்க அக்கா கையைத் தூக்கினாள். நான் பார்த்த பார்வையில் பேசாமல் மென்றாள்.

“…இப்பத்தான் குடிக்கிற மாதிரி இருக்கு.”

குந்தவை சிரித்த சிரிப்பு போன் இல்லாமலே தஞ்சாவூர் வரைக்கும் கேட்டிருக்கும். “சரிம்மா. பொங்கலுக்கே வர்றேன்.”

அக்கா வாசலில் துப்பிவிட்டு வந்தாள்.

“அந்த ரசத்துல எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துடா.”