பதினேழு சிவப்பு வட்டங்கள்

என்னைக் கோபக்காரன் என்று சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். மீதிப் பாதி இந்தக் கதையில் இருக்கிறது.

என் பெயர் தேவவரம். மிஷன் டிரெயினிங் பள்ளியில் பதினெட்டு வருஷம் போதனாமுறை வாத்தியாராக இருந்தேன். அதாவது, வாத்தியாராகப் போகிறவர்களுக்கு வாத்தியார். கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் நிற்பது எப்படி, கேள்வியை வகுப்புக்குக் கேட்டுவிட்டுப் பிறகு ஆளைக் கூப்பிடுவது எப்படி, எல்லாம் என்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஆஜர்ப் பட்டியல். வருஷத்தின் முதல் வகுப்பே அதுதான். முழுப்பெயர் எழுத வேண்டும், தகப்பன் வைத்த பெயர். கூப்பிடு பெயர், செல்லப் பெயர் எழுதினால் கையை ஒடிப்பேன். மையில் எழுது, அழிக்காதே. பட்டியலில் ஒரு பொய் இருந்தால் உன் சர்டிபிகேட் கிழிந்தது என்று வைத்துக்கொள். இதை நான் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வேன்.

அந்தக் காலத்தில் பரீட்சை தேறிவிட்டால் மட்டும் சர்டிபிகேட் முழுதாகக் கைக்கு வராது. ஒரு வருஷம் எங்காவது பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். நான் போய்ப் பார்த்து, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது சர்க்கார் ஆபீசுக்குப் போன பிறகுதான் அவன் வாத்தியார். அதுவரை அவன் பயிற்சி பெறாதவன், எந்த நிமிஷமும் வீட்டுக்கு அனுப்பப்படலாம்.

முப்பத்தெட்டாம் வருஷம் அப்படித்தான் கொல்லிமலைக்குப் போனேன். திண்ணனூர் நாட்டில் ஒரு குக்கிராமத்தில் மாதேஸ்வரன் ஒரு வருஷமாகப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தான். மலையிலேயே பிறந்தவன். எங்கள் பள்ளிக்கு மலையிலிருந்து வந்த ஒரே பையன். ஞானஸ்நானம் வாங்காதவனை எப்படிச் சேர்ப்பது என்று கமிட்டியில் கூச்சல் போட்டார்கள். நான் பதிலுக்கு அவர்களைவிடப் பெரிதாகக் கூச்சல் போட்டு அவனைச் சேர்த்தேன். அதனால் அவன் என் பையன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அவனுக்கு முன்னால் கீழ்நாட்டிலிருந்து மூன்று வாத்தியார்களை அனுப்பிப் பார்த்தோம். மூன்று பேரும் மலைக்காய்ச்சலோடு ஒரு மாதத்துக்குள் இறங்கிவிட்டார்கள். இவனும் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவதென்று பாதிரியார் முடிவு செய்திருந்தார். பயிற்சி பெறாதவனை வைத்து நடத்தவும் மிஷன் சட்டத்தில் இடமில்லை. ஆக, என் கையெழுத்து இருந்தால் பள்ளிக்கூடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

காரவள்ளியில் விடியற்காலையில் ஏற ஆரம்பித்தேன். ஒற்றையடிப் பாதை, வழுக்குப் பாறை, தொடை நடுங்கும் ஏற்றம். பாதி தூரத்திலேயே என் கோபம் என்னை முந்திக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் ஒரு கூரைக் கொட்டகை. சாணி மெழுகிய தரையில் இருபத்துநாலு பிள்ளைகள். மாதேஸ்வரன் துவைத்த சட்டையோடு நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்தான். மிளகை இலையில் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லிக் கூட்டல் நடத்தினான். முதுகைக் காட்டாமல் நின்றான். கேள்வியை முதலில் கேட்டான், ஆளைப் பிறகு கண்ணாலேயே கூப்பிட்டான். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட வந்தவன் முகத்தில் சிரிப்பு இருக்கக் கூடாது என்பதும் என் சட்டங்களில் ஒன்று.

“பட்டியலைக் கொண்டா” என்றேன்.

கொண்டுவந்தான். அச்சடித்தது போன்ற எழுத்து, ஓர் அடித்தல் இல்லை. அன்றைய தேதிக்கு இருபத்துநாலு பேரும் ஆஜர். அவனை வெளியே போய் நிற்கச் சொன்னேன். பரிசோதனை நடக்கும்போது வாத்தியார் உள்ளே நின்று கண் ஜாடை காட்டக் கூடாது.

“ஐயா, ஒண்ணு சொல்லோணுமுங்க” என்றான்.

“வாயை மூடிக்கிட்டு வெளிய நில்லு.”

நின்றான். நான் பெயர் கூப்பிட்டேன்.

“அர்த்தனாரி.”

யாரும் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பையன் மட்டும் ஆவலாக வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்பாசாமி.” இல்லை. “மாதம்மாள்.” இல்லை. “முத்தன்” என்றதும் ஒருவன் துள்ளி எழுந்து ஆஜர் சொன்னான். “கருப்பண்ணன்.” இல்லை. “சென்னம்மாள்.” இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இருபத்துநாலு பெயரில் எழுந்தவர்கள் ஏழு பேர். எழாத பெயர்களை நான் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டே வந்தேன். பதினேழு வட்டம்.

எனக்குத் தலைக்கு ஏறியது. இல்லாத பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் எழுதி ஒப்பேற்றும் பள்ளிக்கூடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர்கள் எங்கோ பொறுக்கியவை, தலைக்கணக்குக்கு அன்றைக்கு மட்டும் தெருவிலிருந்து பிடித்து வந்த பிள்ளைகள். ஊரில் யார் செய்தாலும் பொறுத்திருப்பேன். நான் கூச்சல் போட்டுச் சேர்த்த பையன் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படிவத்தை எடுத்தேன். அதே சிவப்பு மையில், ‘ஆஜர்ப் பட்டியல் நம்பத்தக்கதல்ல’ என்று எழுதினேன். பிறகு அவனை உள்ளே கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது மரியாதையான வார்த்தை. கத்தினேன்.

“திருட்டுப் பயலே! உனக்காகக் கமிட்டியில எத்தனை பேர் கிட்ட மோதினேன் தெரியுமாடா? பதினேழு பிள்ளைங்க எங்கடா?”

“எல்லாரும் இங்கதான் இருக்காங்க ஐயா.”

“இருந்தா ஏன் எந்திரிக்கல? செவிடா?”

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காடுகளில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் பெயர் பொன்னாயி என்று பிறகு தெரிந்தது. அவளைப் பார்த்ததும் முன்வரிசைப் பையன், சற்றுமுன் வாசலைத் திரும்பிப் பார்த்தவன், எழுந்து ஓடி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

“இது உன் மகனா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க.”

“பேர் என்ன?”

“பெரியவன்னு கூப்புடுவோமுங்க சாமி.”

“கூப்பிடுற பேர் வேண்டாம். வச்ச பேர்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அது எங்க மாமனாரு பேருங்க. நான் எப்படிங்க சொல்றது?”

“உன் மகன் பேர்தானே? சொல்லு. சொன்னா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?”

அவள் தலையை ஆட்டினாள். நான் பட்டியலைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். “இந்தப் பதினேழு வட்டத்துல உன் மகன் எது? சொல்லாட்டி உங்க வாத்தியாருக்கு வேலை இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. தெரிஞ்சுக்கோ.”

அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். ஒரு எழுத்து வந்திருக்கும், அதற்குள் மாதேஸ்வரன் எங்களுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டான்.

“அண்ணி, நீங்க சொல்ல வேண்டாமுங்க” என்று அவளிடம் சொன்னான். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினான். “சிலேட்டை எடுங்க கண்ணு. அவங்கவங்க பேரை எழுதி ஐயாகிட்டக் காட்டுங்க.”

இருபத்துநாலு சிலேட்டும் கிறீச்சிட்டன. பிறகு ஒவ்வொன்றாக மேலே எழுந்தன. அர்த்தனாரி. அப்பாசாமி. மாதம்மாள். கருப்பண்ணன். சென்னம்மாள். என் பதினேழு வட்டங்களும் பலப்ப எழுத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தன.

“தாத்தன் பேரைப் பேரனுக்கு வெப்போமுங்க, அப்பத்தா பேரைப் பேத்திக்கு” என்றான் மாதேஸ்வரன். அவன் குரல் உயரவில்லை. “மருமக வாயில அந்தப் பேரு வராது. அதனால ஊட்டுல வேற பேரு. எழுதறதுக்குத் தடையில்லீங்க, அதான் எழுதச் சொல்லிக் குடுத்தேன். பட்டியல்ல கூப்பிடு பேரு எழுதக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானுங்க. அதனால நான் சத்தம் போட்டுக் கூப்புடறதில்லை, முகம் பாத்து ஆஜர் போடுவேன். காதுல கேட்டா அது ஊட்டுப் பெரியவங்க பேருன்னுதான் இதுங்க நெனைக்குமுங்க. நீங்க அர்த்தனாரின்னு கூப்புட்டதும் தன்னோட தாத்தன் வந்துட்டாருன்னுதான் பெரியவன் வாசலைப் பாத்தான். இதைத்தான் சொல்ல வந்தேனுங்க.”

இதில் எனக்குப் புதிதாக என்ன இருக்கிறது? என் மனைவி இருபது வருஷமாக என் பெயரைச் சொன்னதில்லை. வேதாகமத்தில் என் பெயரை ஒட்டிய வார்த்தை வந்தால்கூட முணுமுணுத்துத் தாண்டிப் போவாள். ஆனால் அன்று நான் மனிதனாக மலை ஏறவில்லை, படிவமாக ஏறியிருந்தேன். தோற்றுப்போனால் வரும் கோபம் இருக்கிறதே, அது மற்றக் கோபத்தைவிடக் கேவலமானது. அதுதான் எனக்கு வந்தது.

“இதை முன்னாடியே எனக்கு எழுதியிருக்கணும்” என்றேன். “எனக்கு எப்படிடா தெரியும்?”

அப்போதுதான் அவன் வெடித்தான்.

“உங்களுக்குத் தெரியாதுங்களா? எங்கம்மா உங்க கேட்டுல வந்து நின்னது உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியும். அவன் சொல்லச் சொல்ல, என் கண் முன்னால் அந்த மத்தியானம் அப்படியே வந்து நின்றது. அவன் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். கேட்டில் ஒரு மலைக்காரப் பெண், தலையில் துணி மூட்டை, காலெல்லாம் புழுதி. மகனைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்வையாளர் புத்தகத்தில் மாணவன் பெயர் எழுதாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது, அதுவும் நான் போட்ட சட்டம்தான். பேரைச் சொல் என்றேன். என் மகன் என்றாள். பேர் என்றேன். மலையிலிருந்து வந்த பையன் என்றாள். “மகனுக்குப் பேரில்லையா? பேரில்லாத மகனை எங்கே போய்த் தேடுவது?” என்று கேட்டேன். சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பள்ளியில் மலைப் பையன் ஒருவன்தான். அவள் யாரைத் தேடி வந்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் வாயால் சொல்லவைக்க வேண்டும் என்று நின்றேன். இதை நான் எந்த ஆபீசிலும் எழுதிக் கொடுத்ததில்லை. இங்கே எழுதுகிறேன்.

“எங்கப்பனுக்குக் காய்ச்சல் முத்திப்போச்சுன்னு சொல்றதுக்குத்தான் வந்தாங்க” என்றான் மாதேஸ்வரன். “பொழுது சாயற வரைக்கும் கேட்டுல நின்னுட்டு நடந்தே திரும்பிட்டாங்க. நாலாம் நாள் வேற ஆளு வந்து சொல்லி நான் ஓடி வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. கொள்ளி வெச்சது எங்க சித்தப்பன். அன்னிக்கே படிப்பை விட்டிருப்பேனுங்க. எங்கம்மாதான், முடிச்சுட்டு வான்னு அனுப்புனாங்க. உங்க கையெழுத்து வேண்டாம், எடுத்துக்கிட்டுக் கீழ போங்க.”

பிள்ளைகள் சிலேட்டுகளைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்கள். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

எடுத்துக்கொண்டு போயிருந்தால் பள்ளிக்கூடம் மூடியிருக்கும். இருந்தது ஒரே படிவம். அதில் சிவப்பு மை. மையை அழிக்கக் கூடாது என்பது என் சட்டம். அழிக்கவில்லை. அதன் கீழேயே அதே சிவப்பு மையில் எழுதினேன்: ‘மேலே கண்டது பரிசோதகரின் பிழை. பட்டியல் சரியானது. இருபத்துநாலு பேரும் ஆஜர். இந்த ஆசிரியர் என்னிடம் பயின்றவர்களில் சிறந்தவர். தேவவரம்.’ எழுதி முடித்து, உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் சிலேட்டை இறக்கச் சொன்னேன். மாதேஸ்வரனின் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினேன்.

நாலு மாதம் கழித்து ஆபீசிலிருந்து ஒரே தபாலில் இரண்டு காகிதம் வந்தன. ஒன்று மாதேஸ்வரனின் சர்டிபிகேட். மற்றது எனக்கு மெமோ: சர்க்கார் படிவத்தில் முன்னுக்குப் பின் முரணாக எழுதியதால் இனி நான் பரிசோதனைக்குப் போகக் கூடாது. மெமோவைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

சர்டிபிகேட்டைத் தபாலில் அனுப்பலாம் என்றார் பாதிரியார். நானே கொண்டுபோகிறேன் என்றேன். மறுபடி காரவள்ளி, மறுபடி ஏற்றம். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வழி கேட்டு அவன் வீட்டுக்குப் போனேன். பார்க்க வேண்டியது அவனை அல்ல, அவன் அம்மாவை. என்ன சொல்ல வேண்டும் என்று மலை முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினேன்.

அவன் அம்மா அத்தாயி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவள் கையிலிருந்த முறம் நின்றதில் தெரிந்தது.

“ஆரைப் பாக்கோணுமுங்க?” என்றாள்.

ஒத்திகை பார்த்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. “உங்க மகனைங்க” என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“மகனுக்குப் பேரில்லீங்களா?” என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு உள்ளே போய் வாசல் படலைச் சாத்திக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட இன்னும் நெடுநேரம் இருந்தது. சர்டிபிகேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.