கெட்டிலில் தொங்கிய சிவப்பு அட்டை

பதினேழாம் எண் பேருந்தைப் பத்தொன்பது வருடம் ஓட்டியதில் அவளுக்குப் பெயரே பதினேழு என்று ஆகிவிட்டது. பணிமனையில் பதினேழக்கா. கணவரின் அக்கா, அதாவது நாத்தனார், தொலைபேசியில் கூப்பிட்டாலும், "பதினேழு இருக்காளா?" என்றுதான் கேட்பாள். பெற்றோர் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட பதினேழு ஒரு நாள் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு கதவையும் திறந்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். பயணிகள் ஏறினார்கள், உட்கார்ந்தார்கள், நின்றார்கள், நெருக்கினார்கள். இருபத்திரண்டு நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளை எழுப்புகிற துணிச்சல் அந்த ஊரில் எவனுக்கும் கிடையாது. கடைசியில் ஒரு கைக்குழந்தை அழுதுதான் பேருந்து கிளம்பியது.

அதற்கு முன்பே சங்கதி சரியில்லைதான். வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். சீப்பில் வந்த முடியை வைத்து இன்னொருத்திக்குப் பின்னல் போட்டுவிடலாம். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவள் கரகரத்த குரலில் சொன்னால், இடி இடித்து மழை வருகிறதோ என்று பயணிகள் குடையைத் தேடினார்கள்.

பணிமனை அவளை டாக்டரிடம் அனுப்பியது. கணவரும் கூடப் போனார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா," என்றார் டாக்டர். "உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரங்களே அதைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறாங்க."

"காவலாளியே வீட்டுக்காரனை அடிக்கிறானா?"

"அதேதான்."

"எங்க பழைய அடுக்குமாடியில அப்படி ஒருத்தன் இருந்தான்," என்றார் கணவர். "மாத்தவே முடியல."

"இவங்களையும் மாத்த முடியாது சார். சுரப்பி குறைவா சுரக்கிறதை மாத்திரையால சரிக்கட்டலாம். தினமும் காலையில, வெறும் வயித்துல."

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்ற எண் நாலுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு முப்பத்தெட்டு. பணிமனை மேலாளர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலுக்குள்ள வர்ற வரைக்கும் ஸ்டியரிங் கிடையாது. வருஷக் கடைசிக்குள்ள வரலன்னா பதினேழை வேற ஆளுக்கு நிரந்தரமா எழுதிடுவேன்."

"அப்புறம் என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?"

மேலாளர் யோசித்தார். "அதுக்கு உரிமத்தைத்தான் வாங்கிப் பாக்கணும்."

அவளைத் தொலைந்த பொருள் பிரிவில் உட்கார வைத்தார்கள். அங்கே இருநூற்றுப் பன்னிரண்டு குடைகள், மூன்று பல்செட்டுகள், ஒரு ஊன்றுகோல். ஊன்றிக்கொண்டு ஏறியவர் எப்படி இறங்கிப் போனார் என்பதை யோசிப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை.

வீட்டில் வைத்தியத்தைக் கணவர் கையில் எடுத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வேலைக்கு இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும்: 'கை வைக்காதே. வேலை நடக்கிறது.' கீழே மாட்டியவர் பெயர். மாட்டியவர்தான் கழற்றலாம். கட்டடத்துச் சொந்தக்காரரே வந்து காலில் விழுந்தாலும், பத்தாவது மாடியில் ஒருத்திக்குப் பிரசவ வலியே வந்தாலும், இன்னொருவர் தொடக் கூடாது. இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் தமக்குப் பத்து விரல்கள் இருப்பதற்கு அந்த அட்டைதான் காரணம் என்று அவர் பத்தையும் விரித்துக் காட்டுவார். பார்த்தவர்கள் எண்ணியும் பார்ப்பார்கள்.

"பழுது எங்கன்னு தெரியலன்னா என்ன பண்ணணும்? எல்லா லைனையும் கழட்டிடணும். அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டணும். சாப்பாடும் அப்படித்தான்."

"நான் லிஃப்ட் இல்லீங்க."

"ஏறி இறங்குற எதுவும் லிஃப்ட்தான். உன் நம்பர் ஏறியிருக்கு."

எந்த லைனைக் கழற்றுவது என்று சொல்ல நாத்தனார் இருந்தாள். "டேய், கோதுமை விஷம்டா! என் சிநேகிதியோட ஓரகத்தி கோதுமையை விட்டா. பத்தே நாள், மாடிப்படி தாவித் தாவி ஏறுறா."

"அவளுக்கும் தைராய்டா, அக்கா?"

"முழங்கால் வலி."

ரொட்டி டப்பாவில் அட்டை தொங்கியது. மறுநாள் பால், அதற்கு மறுநாள் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், சர்க்கரை. தக்காளிகள் நாலு இருந்தன. நாலுக்கும் தனித்தனி அட்டை. மூன்றாவது வாரத்தில் சமையலறை, நகராட்சி இடிக்கப்போகிற கட்டடம் மாதிரி இருந்தது. அட்டை இல்லாமல் மிஞ்சியது மீன், பூசணி, கீரை, காபி. காபிக்கு மட்டும் ஏன் அட்டை இல்லை என்று அவள் கேட்டாள். அது அவருடைய லைன் என்றார்.

காலை ஆறு மணிக்கு 'சர்வீஸ்'. மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, பாலுக்குப் பதில் ஒரு டம்ளர் சோயாப் பால், நாத்தனார் அனுப்பிய கடற்பாசிப் பொடி ஒரு கரண்டி. பொடி டப்பாவைத் திறந்தால் வரவேற்பறைக்குள் துறைமுகமே வந்துவிடும். பின்னாலேயே காபி.

"எல்லாத்தையும் ஒரே நேரத்துலயா?"

"லிஃப்டை ஒரு தடவைதான் நிறுத்தணும். நிறுத்தினப்பவே எல்லா வேலையையும் முடிச்சிடணும். டாக்டர்தான் வெறும் வயிறுன்னாரே. ஆறு மணிக்குத்தான் அது வெறுமையா இருக்கு."

ஆறு வாரம் அவள் பூசணியாகவே வாழ்ந்தாள். இதற்கிடையில் பதினேழை ஓட்ட வந்த புது ஆள் பிரேக் போட்ட போட்டில் பல்செட்டுகள் மூன்றிலிருந்து ஏழு ஆயின. ஒவ்வொன்றும் மேசைக்கு வரும்போது அவள் அதை உற்றுப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்துச் சிரித்தது.

மறுபரிசோதனையில் எண் நாற்பத்துநாலு. வருடம் முடிய இன்னும் ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் இடம்.

டாக்டர் கேட்டார்: "என்ன சாப்பிடுறீங்க?"

கணவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். டாக்டர் பதினோரு பக்கம் பொறுமையாகப் படித்தார். எல்லாப் பக்கத்திலும் பூசணி.

"மாத்திரையை எப்படிப் போடுறீங்க?"

"ஆறு மணிக்கு டாக்டர்," என்றார் கணவர், நெஞ்சை நிமிர்த்தி. "சுண்ணாம்பு, இரும்பு, சோயாப் பால், கடற்பாசி, காபி, எல்லாம் சேர்த்து, வெறும் வயித்துல."

டாக்டர் நோட்டை மூடினார். "அது வெறும் வயிறு இல்ல சார். சந்தை."

"புரியலையே."

"உங்க லிஃப்ட்ல ஒரு ஆள் மேல போகணும். அதே நேரத்துல நாலு பேர் பீரோவைத் தூக்கிக்கிட்டு உள்ள ஏறினா?"

"ஓவர்லோடு. கதவு மூடாது," என்று சட்டென்று சொன்ன கணவரின் முகம், சொல்லி முடித்ததும் மெல்லக் கீழிறங்கித் தரைத்தளத்தில் நின்றது.

"மாத்திரையும் ஆறு வாரமா கீழயே நிக்குது சார். வெறும் தண்ணியில போடுங்க. ஒரு மணி நேரத்துக்கு வேற எதுவும் கூடாது, காபியும் கூடாது. சுண்ணாம்பும் இரும்பும் நாலு மணி நேரம் கழிச்சு. கடற்பாசிப் பொடியைத் தூக்கிப் போடுங்க. அதுல இருக்கிற அதிகப்படி அயோடின் நோயைக் கிளறிவிடும்."

"கோதுமை?"

"கோதுமை ஒத்துக்காத நோய் இருக்கான்னு முதல் தடவையே ரத்தத்துல பார்த்தாச்சு. இல்ல. சாப்பிடட்டும்."

"முட்டைக்கோஸ்?"

"வேகவச்சு, அளவா."

"தக்காளி?"

"தக்காளி என்ன சார் பாவம் பண்ணிச்சு?"

அதற்குப் பதில் தெரிந்த நாத்தனார் வெளியூரில் இருந்தாள்.

"மாத்திரை அளவை நான் மாத்தல," என்றார் டாக்டர். "நேரத்தை நீங்க மாத்துங்க."

வீட்டுக்கு வந்து கணவர் ஒவ்வொரு அட்டையாகத் தாமே கழற்றினார், மாட்டியவர் அவர்தானே. நாற்பது நிமிடம் பிடித்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி பார்த்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டு, கழற்றிய அட்டைகளில் ஒன்றை எடுத்து, அவர் பெயரை அடித்து, 'பதினேழு' என்று எழுதி, காபிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலில் மாட்டினாள்.

"என்னம்மா இது?"

"ஒரு மணி நேரம்."

"எனக்குத் தைராய்டு இல்லையே!"

"நீங்க போட்டா வாசனை வரும். வாசனை வந்தா நான் குடிப்பேன். கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு."

சட்டம் சட்டம்தான். கணவர் கெட்டிலின் எதிரே நாற்காலி போட்டு, மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு அவள் வந்து அட்டையைக் கழற்றினாள். இப்படி ஏழு வாரம்.

எண் மூன்று புள்ளி ஆறு.

மேலாளர் காகிதத்தை முன்பக்கம் படித்தார், பின்பக்கத்தையும் படித்தார்; பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. சாவியைக் கொடுத்தார். "உரிமத்தை வாங்கிப் பாக்கலாம்னு இருந்தேன்," என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

முதல் நாள் அதிகாலை ஷிஃப்ட். நாலு மணிக்கே மாத்திரையைப் போட்டாள், பழக்கத்தில் அட்டையை மாட்டினாள், ஐந்துக்குப் பறந்துவிட்டாள்.

ஆறு மணிக்குக் கணவர் கெட்டிலுக்கு முன்னால் நின்றார். ஆறரைக்கு நாத்தனாரைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார்.

"கழட்டிட்டுக் குடியேன்டா!"

"நான் மாட்டலையே, அக்கா."

"பால் பாத்திரத்துல தண்ணி வைடா!"

"அது விதியை ஏமாத்துறது."

ஏழு பத்துக்கு நிறுத்தத்தில் பதினேழு வந்து நின்றது. நெஞ்சோடு கெட்டிலை அணைத்தபடி கணவர் ஏறினார். "ஏம்மா, இந்த அட்டையைக் கொஞ்சம்..."

அவள் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினாள்: 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.'

அவர் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: "கெட்டில் ரிப்பேருங்களா?"

"இல்லீங்க. வேலை நடக்குது."

பதினான்கு நிறுத்தம். அவள் பிரேக் போட்ட நேர்த்தியில் கெட்டில் மூடி ஒரு தடவைகூட டிக்கென்று சொல்லவில்லை. பல்செட்டுகள் அவரவர் வாயிலேயே இருந்தன. கடைசி நிறுத்தத்தில் இரண்டு கதவையும் திறந்துவிட்டு அவள் திரும்பினாள்.

காபி காணாத மனிதர் கண்ணாடியில் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஏறிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "எழுப்பட்டுமாக்கா?" என்றாள்.

"வேண்டாம்."

பதினேழு இருக்கையிலிருந்து எழுந்து வந்தாள். கெட்டிலிலிருந்து அட்டையைக் கழற்றி, கணவரின் சட்டைப் பொத்தானில் மாட்டினாள். நேராகத் தொங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு போய் வண்டியை எடுத்தாள்.

அன்று அவர் அந்த வழித்தடத்தில் மூன்று தடவை போய் வந்தார். ஒருவரும் கை வைக்கவில்லை.