ஜன்னலோரத்து மிஷின்

மூளைக்குள் நினைப்பதைத் திரையில் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது பட்டறைக்காரர் நம்பவில்லை. லாரி இன்ஜினைக் கழற்றாமல் பழுது சொல்பவனையே நம்பாதவர். இது மண்டை.

"பக்கவாதம் வந்து படுத்ததுலேருந்து இமைகூட அசைக்கல. இவ என்னத்த நினைப்பா?"

"சில பேருக்கு உள்ள முழிப்பு இருக்கும்யா, உடம்புதான் கேக்காது. உங்க சம்சாரத்துக்குப் பிடிச்ச வேலை என்ன?"

"தையல்."

சொன்னதும் சுருக்கென்றது. போன வாரம்தான், மனைவியின் கட்டிலருகே நின்றுகொண்டே, தையல் மிஷினைத் தன் தங்கைக்குத் தாரை வார்த்திருந்தார். நாத்தனார் விரல் பட்டாலே ஊசி உடையும் என்று இவள் ஒருநாளும் தொடவிடாத மிஷின்.

"அண்ணி காதுல விழுந்தா என்னைத் தச்சுப் போட்ருவாங்கண்ணே," என்று தங்கை சிரித்தாள்.

"கட்டைக்குக் காது ஏது? எடுத்துட்டுப் போ," என்று இவரும் சிரித்தார்.

கண்ணாடிக்கு அப்பால் மனைவி ஸ்கேன் குழாய்க்குள் கிடந்தாள். டாக்டரம்மா மைக்கில் பேசினாள்.

"அம்மா, ஆமான்னா மிஷின்ல தைக்கிற மாதிரி நினைங்க. இல்லேன்னா உங்க வீட்டுக்குள்ள அறை அறையா நடக்கிற மாதிரி நினைங்க. பக்கத்துல பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"

ஒன்றும் இல்லை. பிறகு திரையில், மூளையின் உச்சிப்பக்கம் ஓரிடம் கங்குபோலக் கனிந்தது.

"தைக்கிறாங்க! கேக்குதாம்யா!"

பட்டறைக்காரர் எழுந்து கண்ணாடியருகே போனார்.

"நீங்க ஒண்ணு கேளுங்க."

வலிக்கிறதா, குளிருகிறதா என்று கேட்பான் நல்ல புருஷன். இவர், "எம்மேல கோவமா?" என்றார்.

கங்கு அணைந்து வேறிடத்தில் எரிந்தது.

"நடக்கிறாங்க. இல்லையாம்," என்று டாக்டரம்மா சிரித்தாள்.

அவளுக்கென்ன தெரியும்? இந்தக் கேள்விக்கு மனைவி ஆமாம் என்றதே கிடையாது. இல்லை என்றுவிட்டுப் பாத்திரத்தை உருட்டுவாள். இப்போது உருட்டக் கையில்லை, நடக்கிறாள். வாசல், கூடம், அடுத்து ஜன்னலோரம். மிஷின் நின்ற இடத்தில் நாலு கால் தடம்தான் மிச்சம்.

"போதும், அவள நிக்கச் சொல்லும்மா," என்று வெளியே ஓடிவந்து தங்கைக்கு போன் போட்டார்.

"மிஷின எடுத்து வை. வண்டியோட வர்றேன்."

"என்னண்ணே, குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாங்களா? என்னாச்சு?"

"உங்க அண்ணி வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டிருக்கா."